திரும்பும் துணிவு

இந்தக் குளிர்கால விடுமுறையில் சங்கத்தின் சார்பில் இமயமலைப் பக்கம் நடைப்பயணம் செல்வதா, வேண்டாமா என்னும் கேள்வி நம்மிடையே மீண்டும் எழுந்திருக்கிறது. ஒரு சாரார், "ஆண்டுதோறும் மலையில் எத்தனை பேர் மாள்கின்றனர்! பெற்றோர் நம்மைப் படிக்க அனுப்பினார்களே ஒழியப் பனியில் புதைய அனுப்பவில்லை. ஆக்ராவுக்கும் மதுராவுக்கும் போய்வந்தால் போதாதா?" என்கின்றனர். மற்றொரு சாரார், "வெள்ளி இரவு பஸ் ஏறினால் புதன் காலை வகுப்புக்கு வந்துவிடலாம். ஆளுக்கு இவ்வளவு என்று பணத்தைக் கட்டிவிட்டால் மற்றதையெல்லாம் ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். உச்சியைத் தொட்டோம், படம் எடுத்தோம் என்று வரலாம்" என்கின்றனர்.

இரு சாராரும் தவறுகின்றனர் என்பது என் கருத்து. முன்னவர் மலையைக் கண்டு மிகவும் அஞ்சுகின்றனர். பின்னவர் சிறிதும் அஞ்சவில்லை. இரண்டும் மலையை அறியாமையால் வருவன. மலைக்குப் போகத்தான் வேண்டும்; ஆனால் திரும்பி வரக் கற்றுக்கொண்டு போக வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, "இன்று இது போதும்; இறங்குவோம்" என்று சொல்லும் துணிவு இல்லாதவர், கால் எவ்வளவு வலிமை உடையதாயினும், மலையேறத் தகுதி பெற்றவர் அல்லர். இதையே இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மலை நமக்கு அயலா?

"சமவெளியில் பிறந்த நமக்கு மலை எதற்கு?" என்போர்க்கு முதலில் ஒரு சொல். நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர் குறிஞ்சியை ஒரு திணையாக்கினர். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகியின் சிலைக்குக் கல் கொண்டுவர இமயத்துக்கே போகிறான். அது காவியச் செய்தி என்று ஒதுக்கினாலும், ஒதுக்க முடியாத வரலாற்றுச் செய்தி ஒன்று உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சங்கிலி பிடித்துத் தரையை அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டை அடியாகக் கொண்டு, முக்கோணத்தை அடுத்து முக்கோணமாக அளந்துகொண்டே வடக்கு நோக்கிப் போனார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த அளவை இமயத்தின் அடிவரை கொண்டு சேர்த்தனர். பதினைந்தாம் சிகரம் என்று எண்ணால் மட்டும் குறிக்கப்பெற்ற ஒன்றே உலகில் மிக உயர்ந்தது, அதன் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவித்தனர். அதுதான் எவரெஸ்ட். இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ள அளவு 8,848.86 மீட்டர். பழைய கணக்கு இதற்குச் சுமார் 9 மீட்டர்தான் குறைவு! இமயத்தை அளந்த கணக்கின் முதல் வரி பரங்கிமலையில் எழுதப்பட்டது. ஆகவே இமயம் நமக்கு அயல் அன்று.

டில்லித் தமிழர்க்கு வேறொரு வாய்ப்பும் இருக்கிறது. சென்னையிலிருந்து இமயம் காண விரும்புவோர் இரண்டு நாள் ரயிலில் கழிக்க வேண்டும். நாமோ லோதி ரோட்டில் மாலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினால், விடியும்போது டேராடூனில் இறங்கலாம். வாய்ப்பு வாயிலில் நிற்கும்போது அதைப் பயன்படுத்தாமல் ஊர் திரும்புவது இழப்பே.

மலை தருவது

டில்லிக்கு வந்தபின் நான் இருமுறை மலையில் நடந்திருக்கிறேன். மே மாதத்தில் ஹர் கி தூன் பள்ளத்தாக்கு. சென்ற டிசம்பரில் கேதார்கண்டா. இரண்டுக்கும் உத்தரகாசி மாவட்டத்தில் சங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்தே புறப்பட வேண்டும். மொத்தம் எட்டு இரவுகள் கூடாரத்தில் உறங்கியிருக்கிறேன். மலையையே வாழ்க்கையாகக் கொண்டவர் இக்கணக்கைக் கேட்டால் நகைப்பர். எனினும், காவிரிப் படுகையில் ஆற்றங்கரையே மேடு என்று எண்ணி வளர்ந்தவனுக்கு அந்த எட்டு இரவுகள் சிறியவை அல்ல.

மலை முதலில் தருவது, நூலில் படித்ததை உடம்பால் அறியும் அறிவு. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஹர் கி தூனில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்தில் சோறு வைத்தபோதுதான் அது விளங்கியது. நீர் தளதளவென்று கொதிக்கிறது. அரிசியோ விறைத்துக்கொண்டே கிடக்கிறது. அங்கே நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரஷர் குக்கரைக் கண்டுபிடித்தவரை அன்றிரவு வாழ்த்தாதவர் எங்களுள் ஒருவரும் இல்லை.

அடுத்து, மனிதரை அறியும் அறிவு. விடுதியில் வாய் ஓயாது பேசும் நண்பர் இரண்டாம் நாள் ஏற்றத்தில் மௌனியாகிவிட்டார். ஒருவரோடும் பேசாத மாணவி ஒருத்தி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, உறைந்துபோன நீரை உருக்கி, எல்லார்க்கும் தேநீர் வைத்தாள். தன் சுமையைத் தானே தூக்குவது, தன் பாத்திரத்தைத் தானே கழுவுவது, களைத்தவன் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைப்பது ஆகியவற்றை எந்தப் பாடத்திட்டமும் கற்பிப்பதில்லை. தொலைபேசி ஒலிக்காத நான்கு நாட்களில், பாண்டவர் விண்ணேறிய வழி என்று மக்கள் நம்பும் சுவர்க்காரோகிணிச் சிகரத்தைப் பார்த்தபடி, நாங்கள் பேசிய பேச்சுக்கள் இரண்டு ஆண்டு நட்புக்கு ஈடானவை.

ஆகவே, ஆக்ராவே போதும் என்போரோடு நான் உடன்படவில்லை.

மலை கேட்பது

தருகிற மலை சிலவற்றைக் கேட்கவும் செய்கிறது. தென்னாட்டிலேயே உயர்ந்தது ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். கேதார்கண்டாவுக்குச் செல்வோர் முதல் நாள் நடந்து கூடாரம் அடிக்கும் ஜூடா ஏரிக்கரையே அதைவிட உயரமானது. அதாவது, நம் ஊர் மலைகள் முடிகிற இடத்தில் இமயத்தின் முதல் இரவு தொடங்குகிறது.

கேதார்கண்டாவின் உச்சி 3,810 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றே மிகுதி. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர் கூறும் விதி. விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை தோன்றும். அதையும் பொருட்படுத்தாது ஏறினால் நடை தள்ளாடும், அறிவு குழம்பும், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். அந்நிலையில் உயிர் காக்கும் முதல் மருந்து ஒன்றே: இறங்குதல். மருத்துவ நூலே திரும்பச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அந்தக் குறைவை ஸ்வெட்டர் தாங்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் தாங்காது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை சூட்டைக் காப்பதற்கு மாறாக உறிஞ்சி எடுக்கும். உடல் சூடு குறையும்போது கை கால் மட்டுமன்றித் தீர்மானிக்கும் அறிவும் கெடும். ஆபத்தில் இருப்பவர்க்குத் தாம் ஆபத்தில் இருப்பதே தெரியாது.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாண்டத்தின் சகஸ்திர தால் பகுதியில், கர்நாடகத்தினர் பெரும்பாலோராக இருந்த 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் மாண்டனர். டில்லியில் நாம் வெயிலில் வெந்துகொண்டிருந்த அதே வாரம் அது! சமவெளியின் கோடை மலையின் கோடை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எல்லா விபத்தையும் முன்னறிவால் தடுத்துவிடலாம் என்று நான் கூறவில்லை. 2022 அக்டோபர் 4ஆம் நாள், நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த குழு ஒன்றைத் திரௌபதி கா தண்டா மலையில் பனிச்சரிவு மூடியது. அவ்வாண்டு மே மாதம் எவரெஸ்டின் உச்சியில் நின்ற பயிற்சியாளர் ஒருவரும் அதில் உயிரிழந்தார். தேர்ந்தவர்க்கே இந்நிலை என்றால், நான்கு நாள் விருந்தினரான நாம் எவ்வளவு அடக்கத்தோடு போக வேண்டும்!

திரும்பியவர்கள்

இனி, எங்கள் டிசம்பர்ப் பயணத்தைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். சங்கத்தில் அதைப் பற்றிப் பலவாறு பேசப்படுவதால் கூறுவது கடமையாகிறது. ஒன்பது மாணவர், ஒரு வழிகாட்டி, அவருக்கு உதவியாக இருவர். வழிகாட்டி அந்தப் பக்கத்துக் கிராமத்தவர். அண்ணன் என்னும் பொருளில் அவ்வூரார் அழைப்பது போல நாங்களும் அவரைப் 'பைஜி' என்றே அழைத்தோம். மேல் முகாமிலிருந்து இரவு மூன்று மணிக்குப் புறப்பட்டோம். எங்களுள் இருவர்க்கு முன்னிரவிலிருந்தே தலைவலி இருந்தது. ஆறு மணி அளவில் மேற்கிலிருந்து மேகம் திரண்டது. மேட்டின் விளிம்பில் பனித்தூள் புகை போலப் பறந்தது. உச்சிக்கு இன்னும் சுமார் 150 மீட்டர் ஏற்றம் இருந்தது. பைஜி நின்றார். காற்றைப் பார்த்தார்; தலைவலிக்காரர் இருவரையும் பார்த்தார். "இன்று வேண்டாம், தம்பி. மலை எங்கும் போய்விடாது" என்றார்.

குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!" என்றார் ஒருவர். "கட்டிய பணம்?" என்றார் மற்றொருவர். எங்களைக் கடந்து வேறு இரு குழுக்கள் மேலே சென்றன. நாங்கள் இறங்கினோம்.

மேலே சென்ற குழுக்களுக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. நண்பகலில் எல்லாரும் நலமாக, உச்சியில் எடுத்த படங்களோடு இறங்கி வந்தனர். டில்லி திரும்பியபின் இதைச் சொல்லியே எங்களை எள்ளி நகையாடினர். "அவர்கள் போனார்களே, அவர்களுக்கு என்ன ஆயிற்று? உங்கள் பைஜி பயந்தாங்கொள்ளி" என்றனர்.

இந்த எள்ளலுக்குத்தான் நான் விடை கூற விரும்புகிறேன். ஒரு தீர்மானம் சரியா, தவறா என்பதை அதன் விளைவை மட்டும் கொண்டு அளப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. கண்ணை மூடிக்கொண்டு ரிங் ரோட்டைக் கடந்தவன் பிழைத்துக்கொண்டான் என்பதால், கண்ணை மூடிக் கடப்பது முறை ஆகிவிடுமா? அத்தகைய காலையில் மேலே போவதால் உயிர் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் சிரித்துக்கொண்டு இறங்கி வருவார்கள், நம்மை நகைப்பார்கள். ஆனால் அப்பழக்கத்தை விடாமல் ஒருவர் பத்து முறை மேலே போனால், ஒருமுறை திரும்பாமலே போகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று ஆகிவிடுகிறது. இதை அறிய உயர்கணிதம் வேண்டாம். பள்ளிக் கணக்கே போதும். பைஜி ஓராண்டில் எத்தனை குழுக்களோடு ஏறுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் திரும்பப் பழகியிராவிட்டால் இத்தனை ஆண்டு வழிகாட்டியாக இருந்திருக்க முடியாது.

திரும்பியவர் கோழைகள் அல்லர் என்பதற்கு மலையேற்ற வரலாறே சான்று. 1953 மே 26ஆம் நாள் டாம் பூர்டில்லன், சார்ல்ஸ் எவன்ஸ் என்னும் இருவர் எவரெஸ்டின் தென்முடியை எட்டினர். உலகின் உச்சி அவர்களுக்குச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருந்தது. அதுவரை எவரும் மிதித்து மீண்டறியாத இடம்! ஆனால் மூச்சுக்கருவி கோளாறு செய்தது, பொழுதும் போய்விட்டது. இருவரும் திரும்பினர். மூன்று நாள் கழித்து டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியை அடைந்தனர். முன்னவர் வழியில் வைத்துவிட்டு வந்த ஆக்சிஜன் உருளைகள் பின்னவர்க்குப் பயன்பட்டன. உயிரோடு திரும்பிய எவன்ஸ் 1955இல் உலகின் மூன்றாம் சிகரமான கஞ்சன்ஜங்காவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். அக்குழு வெற்றி கண்டது. சிக்கிம் மக்கள் அம்மலையைத் தெய்வமாகப் போற்றுவதால், உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று வணங்கித் திரும்பினர். அதனால் அவர்கள் புகழ் ஓர் அங்குலமும் குறையவில்லை.

நம் நாட்டுச் செய்தியும் இதுவே. 1960இல் இந்தியக் குழு எவரெஸ்டின் உச்சிக்குச் சுமார் 200 மீட்டர் கீழே திரும்பியது. 1962இல் இரண்டாம் குழு இன்னும் அருகே, சுமார் 120 மீட்டர் கீழே திரும்பியது. இரண்டு முறையும் தடுத்தது வானிலை. 1962இல் திரும்பியவர்களுள் ஒருவரான எம். எஸ். கோலி 1965இல் மூன்றாம் குழுவுக்குத் தலைவரானார். அக்குழுவில் ஒன்பது பேர் உச்சியை அடைந்தனர். அந்த ஒன்பதின்மரில் 1960இல் திரும்பிய நவாங் கொம்புவும், 1960, 1962 இரு முறையும் திரும்பிய சோனம் கியாட்ஸோவும் இருந்தனர். முன்பு "இன்னும் கொஞ்சம்தானே" என்று அவர்கள் மேலே போயிருந்தால் 1965இல் போக ஆள் இருந்திருப்பாரா?

மாறான சான்றும் உண்டு. பகலில் குறித்த நேரத்துக்குள் உச்சியை அடையாதவர் திரும்பிவிட வேண்டும் என்பது எவரெஸ்ட் ஏறுவோர் வகுத்துக்கொண்ட நெறி. 1996 மே 10ஆம் நாள் பலர் அந்நேரம் கடந்த பின்னும் மேலே ஏறினர். மாலையில் புயல் வந்தது. எட்டுப் பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையைச் சேர்ந்த நம் நாட்டவர்.

ஏன் திரும்ப முடிவதில்லை?

திரும்புவதே அறிவு என்று எல்லார்க்கும் தெரியும். ஆயினும் அந்த இடத்தில் கால் திரும்புவதில்லை. ஏன்?

பணம் ஒரு காரணம். மாத உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணம் வீணாகிறதே என்னும் எண்ணம். உண்மையில், உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் அப்பணம் போனதுதான். போன பணத்தை மீட்க உயிரைப் பணயம் வைப்பது என்ன வாணிகம்?

காலம் இரண்டாவது. நான்கே நாள் விடுப்பில் போனால், ஒரு நாள் வானம் கெட்டாலும் காத்திருக்க முடியாது. அவசரமே மலையில் பெரும் பகை.

மூன்றாவது நாணம். படம் போடாவிட்டால் விடுதியில் என்ன சொல்வார்கள்? உச்சி தொட்டவனுக்குக் கைதட்டுகிறோம், திரும்பியவனை "என்ன ஆயிற்று?" என்று இரக்கத்தோடு கேட்கிறோம். ஆகவே, மலையில் ஒருவர் எடுக்கும் தவறான முடிவுக்கு விடுதியில் இருக்கும் நாமும் பொறுப்பாளிகள்.

நான்காவது காரணத்தை நான் பைஜியிடமிருந்தே அறிந்தேன். கீழே இறங்கிய அன்றிரவு அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: உச்சி தொட்ட குழுவினர் மகிழ்ந்து கைநிறையக் கொடுப்பார்கள், திரும்பிய குழுவினர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி கொடுப்பார்கள். தோழர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் உயிருக்குக் காவலாக ஒருவரை அழைத்துச் செல்கிறோம். அவர் நம்மைக் காக்கும் நாளில் அவர் வருவாயைக் குறைக்கிறோம்! அவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கின்றனர். அன்று காலை அவர் "வேண்டாம்" என்று சொன்னபோது தம் கூலியையும் சேர்த்தே பணயம் வைத்தார். நாங்கள் திரும்பியது பெரிதன்று. அவர் திருப்பியது பெரிது.

இன்னொன்றும் உண்டு. நாம் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் நம்மைத் தேடி யார் வருவார்? அதே புயலில் அந்தக் கிராமத்தாரும் மீட்புப் படையினருமே ஏறி வருவர். "என் உயிர், என் விருப்பம்" என்னும் பேச்சு மலையில் செல்லாது. அங்கே ஓர் உயிரோடு பல உயிர்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டுள்ளன.

தடை விடையாகுமா?

"இவ்வளவு ஆபத்து இருந்தால் போகாமலே இருந்துவிடலாமே" என்பர் முதற் சாரார். 2018 மார்ச் 11ஆம் நாள், போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலைநடை சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற இளைஞர். மலைப்புல் காய்ந்து கிடக்கும் பருவம் அது. அச்செய்தி வந்த நாளில் தமிழ்நாட்டில் பெற்றோர் பலர், "இனி மலைப் பேச்சே கூடாது" என்று சொல்லியிருப்பர். அது இயல்பே. ஆனால் அரசு அதோடு நிற்கவில்லை. அவ்வாண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களைத் தேர்ந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. துயரத்திலிருந்து கற்க வேண்டிய பாடம் இதுவே. கதவை அடைத்தால் சுவர் ஏறிக் குதிப்பவர் இருப்பர். அவர்களுக்கு வழிகாட்டியும் இருக்கமாட்டார், அவர்கள் போன இடமும் பிறர்க்குத் தெரியாது. கதவைத் திறந்துவைத்து வாயிலில் விளக்கு ஏற்றுவதே மேல்.

நாம் செய்ய வேண்டுவது

எனவே சங்கத்தின் முன் ஆறு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, நாள். நான்கு நாள் பயணத்துக்கு ஆறு நாள் ஒதுக்குவோம். ஒரு நாள் உடல் பழக. ஒரு நாள் வானம் தெளிய. அத்தனை நாள் கிடைக்காவிட்டால் உயரம் குறைந்த மலையைத் தேர்ந்துகொள்வோம்.

இரண்டாவது, வானிலை. இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. அதன் தலைமையகம் 1944இல் டில்லிக்கு வந்தது. அந்த மௌசம் பவன் நம் லோதி ரோட்டிலேயே இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணுவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் தோன்றி மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளே குளிர்காலத்தில் மேற்கு இமயத்துக்குப் பனி கொண்டு வருகின்றன. அவற்றின் வருகையைச் சில நாள் முன்னரே அறிந்து, மாவட்டந்தோறும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறமிட்டு அத்துறை எச்சரிக்கிறது. புறப்படும் நாள்வரை அவ்வறிக்கையைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்போம். ஆரஞ்சு என்றால் டிக்கெட் பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிவைப்போம்.

மூன்றாவது, பயிற்சி. ஆறு வாரம், வாரம் மூன்று காலை, லோதி தோட்டத்தில் முதுகில் சுமையோடு ஒரு மணி நேரம் நடப்போம். நாய்களும் நடைப்பெரியவர்களும் வியந்து பார்ப்பார்கள்; பார்க்கட்டும். பயிற்சிக்கு வராதவர் மலைக்கு வரவேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் முதலியன உள்ளவர் மருத்துவரைக் கேட்டே வரவேண்டும். நோயை மறைப்பது குழுவுக்கே தீங்கு.

நான்காவது, திரும்பும் நேரம். எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவோம் என்பதைப் புறப்படுமுன் எழுதி, எல்லாரும் கையெழுத்திடுவோம். களைத்த மூளையால் மேலே தீர்மானிப்பதைவிடத் தெளிந்த மூளையால் கீழே தீர்மானிப்பது நல்லது. அந்நேரத்துக்கு முன்னரும் வழிகாட்டி "போதும்" என்றால் அதுவே முடிவு, வாக்கெடுப்பு இல்லை.

ஐந்தாவது, கூலி. வழிகாட்டிக்கும் உதவியாளர்க்கும் உரிய கூலியையும் அன்பளிப்பையும் முன்கூட்டியே குறித்து, புறப்படும் நாளில் அவர்களிடமே சொல்லிவிடுவோம். உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் அதில் ஒரு ரூபாயும் குறையாது. மலையிலே நம் பாதுகாப்புக்கு நாம் செய்யக்கூடிய மலிவான காரியம் இதுவே. நேர்மையான காரியமும் இதுவே.

ஆறாவது, மலைக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. 2018 ஆகஸ்டில் உத்தரகாண்ட உயர்நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடைசெய்தது. புல் மிதிபட்டும் குப்பை சேர்ந்தும் மலை கெட்டதே காரணம். வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும் கூடாரம் அடிப்போம். கொண்டுபோன காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒன்று விடாமல் டில்லிக்கே திரும்பட்டும். ஆளோடு குப்பையும் திரும்புவதே முழுமையான திரும்புதல்.

இறுதியாக, மலைக்குப் போகாத அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இம்முறை குழு திரும்பி வரும்போது, "உச்சி தொட்டீர்களா?" என்று முதலில் கேட்காதீர்கள். "எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள். அதற்கு "ஆம்" என்று விடை வந்தால் கைதட்டுங்கள். உச்சியைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். போனவர் அனைவரும் வந்துசேர்ந்த பயணமே வெற்றிப் பயணம் என்னும் எண்ணம் நம் விடுதிகளில் வேரூன்றிவிட்டால், மலையில் நிற்கும் நம் தோழனின் கால் உரிய நேரத்தில் தானே திரும்பும்.